பம்பரின் நடு ஆருடையது?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினோம். மசில் கார் என்பார்கள். பெரிய எஞ்சின், இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, பின்னுக்கு மனிதர் இருக்க முடியாத ஒரு சீற். எழுபதுகளில் செய்தது. அது செய்யப்பட்ட காலத்தில் கனடா எந்தத் திசையில் கிடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எங்களுக்குள் மூத்தவர் அதன் கூரையைத் தடவி, "உது எங்கட தலைமுறையின்ரை கார்" என்றார். மற்ற மூவரும் ஓம் என்று தலையாட்டினோம்.

விற்றவர் ரொறன்ரோ நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர். காரின் முன் பம்பரில் வெடிப்புகள் இருந்தன. லைற்றுகளுக்குப் பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஓடின. கிழவர் அதைக் காட்டி, வயதானால் எல்லாருக்கும் இப்படித்தானே என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காரை ட்ரக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பும் வழியில் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மட்டன் ரோலும் பிளேன் ரீயும் வாங்கிக்கொண்டு இருந்தோம்.

ரொறன்ரோவில் மூன்று தமிழர் ஒரு மேசையில் இருந்தால் ஒரு சங்கம் பிறக்கும். நாலாவது ஆள் வந்து கதிரையை இழுத்துப் போட்டால் அது இரண்டாக உடையும். பகிடிக்குச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ரோல் முடிவதற்கு முன்பே பழைய கார்களைப் பேணும் சங்கம் ஒன்று எங்களுக்கு இருந்தது. மூத்தவர் தலைவர். அவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்வதே வாழ்க்கையாகிப்போனவர். காப்புறுதி முகவராக இருந்த நண்பர் செயலாளர். நன்றாக எழுதுவார். அதிலும் கண்டன அறிக்கை என்றால் கை தானாகவே ஓடும். செயலாளரின் பள்ளித் தோழர், பஸ் ஓட்டுகிறவர், பொருளாளர்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீர்தான் காணும் பொதுச்சபை" என்றார் தலைவர்.

நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். விடியப் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கார் விடக்கூடிய கராஜ் உண்டு. இந்த இரண்டு தகுதிகளும்தான் என்னைப் பொதுச்சபை ஆக்கின. காரையும் என் பெயரிலேயே பதிந்தார்கள். நான் ஒருநாளும் எங்கேயும் இடிபடாதவன், காப்புறுதி குறைவாக வரும் என்று செயலாளர் சொன்னார்.

கார் வந்து இறங்கியபோது என் மனைவி வாசலில் நின்றாள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கிவிட்டு வருகிறவளுக்கு இன்னொரு கிழட்டுச் சாமானில் ஆர்வம் வரவில்லை.

"உது ஓடுமோ?"

"ஓடும்."

"அப்ப ஏன் ட்ரக்கிலை வந்தது?"

கராஜின் ஒரு பாதியில் வீட்டுச் சாமான்கள் கிடந்தன, மற்றப் பாதிக்கு இது வந்ததால் அன்றிலிருந்து அவளுடைய கார் வெளியே நின்றது. அந்த மாரி முழுக்க விடிய எழும்பிக் கண்ணாடியில் ஐஸ் சுரண்டினாள். சுரண்டும்போது கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டே சுரண்டினாள்.

சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் சில கிழமைகள் போயின. 'தொன்மை' என்பதா 'பழம்பெரும்' என்பதா என்று இழுபட்டது. பெயர் முடிந்தபின் சின்னம். சின்னம் முடிந்தபின்தான் பம்பரைப் பற்றி ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் காரின் பம்பர் இரும்பு அல்ல. யூரத்தேன். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் பிறந்த ஒரு பொருள். காரின் முழு மூக்கையும் ஒரே தோலாக மூடியிருக்கும். மெல்ல இடித்தால் உள்ளே போய்த் திரும்பவும் வெளியே வர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் ஐம்பது வருட வெயிலும் பனியும் குடித்தபின் அது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, அதுதான் புழுக்கொடியல், மாதிரி ஆகிவிடும். வளையாது. வெடிக்கும்.

பம்பரைக் கழற்றினோம். பின்னால் இருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சண்டை பிடித்தன. கழன்றதும் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் பிடித்து, கராஜுக்குள் கிடந்த எங்கள் பழைய சாப்பாட்டு மேசையில் கிடத்தினோம். சங்கம் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் வீடியோவிலை வடிவாய்ப் பாத்திட்டன். வெடிச்ச இடத்தை வாய்க்கால் மாதிரி வெட்டித் திறக்க வேணும். பின்பக்கம் வலை வைக்க வேணும். ரெண்டு குழாயிலை வாற பசையைக் கலந்து நிரப்ப வேணும். இறுகினாலும் வளையிற பசை. அவ்வளவுதான்."

"அண்ணை, அது ஒட்டு வேலை" என்றார் செயலாளர். "என்ரை மனுசியின்ரை மச்சான் கார் நெளிவு எடுக்கிற பொடி ஷொப்பிலை நிக்கிறவன். அவன் சொல்லுறான், சூட்டுக் கோலாலை கம்பியை உருக்கி வெல்ட் பண்ண வேணுமாம். அதுதான் நிண்டு பிடிக்குமாம்."

"யூரத்தேன் உருகாது காணும். கருகும்."

"உங்கட வீடியோவிலை வாறவன் கலிபோர்னியாக்காரன். அவனுக்கு எங்கட குளிர் தெரியுமோ?"

வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் தன் பக்கம். செயலாளரும் பொருளாளரும் மற்றப் பக்கம். மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உண்மையில் தலைவர் சொன்னதுதான் சரியென்று பட்டது. ஆனால் என் காப்புறுதி, வீட்டுக் காப்புறுதி, மனைவியின் காப்புறுதி எல்லாம் செயலாளரிடம் இருந்தன. தலைவரிடம் என் மகள் கார் பழகிக்கொண்டிருந்தாள். நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

பொதுச்சபை வாக்களிக்காத வாக்கெடுப்பு செல்லாது என்றார் தலைவர். கடைசியில் தீர்மானம் இப்படி நிறைவேறியது: இடது பக்கத்தைத் தலைவர் பசையால் திருத்துவார், வலது பக்கத்தைச் செயலாளர் வெல்ட் பண்ணுவார். பம்பரின் நடுவில் மேலிருந்து கீழாக நீல நிற டேப் ஒன்று ஒட்டப்பட்டது. ஒட்டியதும் அடுத்த பிரச்சினை. இடது என்றால் யாருடைய இடது? காருக்குள் இருக்கிறவருடையதா, காருக்கு முன்னால் நிற்கிறவருடையதா? அந்தப் பின்னேரம் முழுக்க அதற்கே போனது. சாரதியின் இடதுதான் உலகம் முழுக்க இடது என்று, தன் தொழிலையே சாட்சிக்கு இழுத்துத் தலைவர் வென்றார்.

தேநீர் கொண்டு வந்த மனைவி டேப்பைப் பார்த்தாள்.

"நடுவிலை வேலி போடேல்லையோ? கிடுகு வேணுமெண்டால் சொல்லுங்கோ, தமிழ்க் கடையிலை கேட்டுப் பாக்கிறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பொருளாளர் மட்டும் தேநீருக்குள் இருமினார்.

இளவேனில் முழுக்க நான் இரண்டு பக்கத்துக்கும் கூலியாளாக இருந்தேன். வாரநாட்களில் மத்தியானம் தலைவர் வருவார். வெடிப்பின் இரண்டு கரையையும் அவர் சரித்து வெட்ட, நான் சாண்ட் பேப்பரால் பின்பக்கத்தைச் சொரசொரப்பாக்குவேன். வலையை வெட்டிக் கொடுப்பேன். முதல்முறை கலந்த பசை, அவர் அதைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றதில், கிண்ணத்திலேயே கல்லாகியது. பசை பழசு என்றார். சனிக்கிழமைகளில் செயலாளர் வருவார். பொருளாளர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து உற்சாகம் தருவார். சூட்டுக்கோல் பட்டதும் யூரத்தேன் உருகவில்லை. தலைவர் சொன்னபடியே கருகியது. கராஜ் நிறையக் கரும்புகை. வீட்டுக்குள் புகை அலாரம் அலறியது. மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"ஆரையாவது எரிக்கிறியளோ?"

"சூடு கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா" என்றார் செயலாளர். சூட்டைக் குறைத்து, கம்பியை மட்டும் உருக்கி, மெழுகு போல் வெடிப்புக்குள் இறக்கினார். உண்மையைச் சொன்னால் அதுவும் ஒரு ஒட்டு வேலைதான். அவர் அதை வெல்ட் என்றார். நானும் வெல்ட் என்றேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்கப் பாண் வரிசையாக என்னைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். ஒரு பாணையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. இங்கே ஒரே இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்து, இன்னும் மேடு இருக்கிறது என்று திரும்பத் தேய்க்கலாம். பிறகு ஒரு கணத்தில் விரலுக்கு வெடிப்பு எங்கே என்று தெரியாமல் போகும். அந்தக் கணத்துக்காகவே இரண்டு கட்சிக்கும் உழைத்தேன்.

இரண்டு பக்கமும் நன்றாகவே வந்தன. அதுதான் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. மற்றவரின் பக்கம் பிளக்கும் என்று காத்திருந்தவர்கள் இருவரும் ஏமாந்தார்கள். பெயின்ற் கடைக்காரர், வளைகிற பெயின்ற்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி, கடும் சிவப்பில் அடித்துத் தந்தார். பூட்டி முடித்து காரை வெளியே எடுத்தோம். பின்னேர வெயில் அதன் மூக்கில் விழுந்தது. டேப் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நாலு பேரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சங்கத்தின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சங்கம் என்று இருந்தால் விழா வேண்டும். கோடையில் மல்வேர்னில் ஒரு பூங்காவின் பார்க்கிங்கில் 'வெளியீட்டு விழா' வைத்தார்கள். புத்தகம் வெளியிடலாம், காரை எப்படி வெளியிடுவது என்று நான் கேட்கவில்லை. சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மூக்கைச் சுற்றி ரிப்பன் கட்டினார்கள். பிரதம விருந்தினர் ஒரு மோர்ட்கேஜ் முகவர். மத்தியானச் சாப்பாடு முழுக்க அவருடைய அன்பளிப்பு. அதனால் ஆள் கனம் பொருந்தியவர். உடம்பாலும் கனம் பொருந்தியவர்.

தலைவர் பேசும்போது "நான் செப்பனிட்ட பம்பர்" என்றார். செயலாளர் தன் உரையில் "வெல்ட் என்ற விஞ்ஞானம்" என்றார். நன்றியுரையில் பொருளாளர் இருவருக்கும் நன்றி சொன்னார், விழாவுக்கு மேசை இரவல் தந்தவருக்கும் சொன்னார். பொதுச்சபையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொதுச்சபை அப்போது பொலித்தீன் பைகளில் குப்பை சேர்த்துக்கொண்டு நின்றது.

பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுக்கிறவர் சொன்னார், "அங்கிள், காரிலை கொஞ்சம் சாய்ஞ்சு நில்லுங்கோ."

அங்கிள் சாயவில்லை. இருந்தார். மூக்கின் நட்டநடுவில், ஊஞ்சலில் இருப்பது போல, முழுதாக இருந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு 'டிக்'. அவர் எழும்பியபோது நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு.

தலைவர் குனிந்து இடது பக்கத்தைத் தடவினார். "என்ரை பக்கத்துக்கு ஒரு கீறலும் இல்லை!"

செயலாளர் வலது பக்கத்தைத் தட்டினார். "பாத்தியளோ? வெல்ட் அசையேல்லை!"

இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம். வெடித்த காருக்கு முன்னால் நின்று இரண்டு பேர் வெற்றி கொண்டாடினதை நான் அன்றுதான் பார்த்தேன். விசயம் விளங்காத ஒன்றல்ல. திருத்திய இரண்டு பக்கமும் கெட்டியாகிவிட்டன. ஒருவரும் தொடாத நடு மட்டும் பழைய புழுக்கொடியலாகவே இருந்தது. பாரம் முழுக்க அங்கே போனது.

"அப்ப நடு ஆருடையது?" என்று சனத்துக்குள் இருந்து யாரோ கேட்டார்கள்.

விருந்தினரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய புரியாணி எல்லாருடைய கையிலும் இருந்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பிறகு மூவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நடு எண்டால் பொது" என்றார் தலைவர். "பொதுச்சபைதானே அதைக் கவனிச்சிருக்க வேணும்?"

கையில் இருந்த குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். கோபம் வந்தது. ஆனால் அதைவிட வெட்கமாக இருந்தது, மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதால்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் உடைந்தது. தலைவர் ராஜினாமாச் செய்து, பெயருக்கு முன்னால் 'உலக' என்று சேர்த்து இன்னொரு சங்கம் தொடங்கினார். செயலாளர் பழைய பெயரை வைத்துக்கொண்டு கண்டன அறிக்கை எழுதினார். தலைவர் கராஜுக்கு வந்து தன் கிளாம்புகளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் செயலாளர் வந்து சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு போனார். காரை ஒருவரும் எடுக்க முடியவில்லை. அது என் பெயரில் இருந்தது. பெரிய மனது பண்ணி, இரண்டு சங்கமும் என்னைக் காப்பாளர் ஆக்கின.

"இனி அந்தச் சாமானை என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"நடுவைத் திருத்தப் போறன்."

"ஏன்? அதுக்கும் பொன்னாடை போர்த்துவினமே?"

நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். இம்முறை அவை சுகமாகக் கழன்றன. பம்பரைத் தனியாக மேசைக்கு இழுத்து வந்து, வெடிப்பை வெட்டித் திறந்து, பின்பக்கம் தேய்த்து, வலையும் வெட்டி வைத்தேன். ஆனால் இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று எம்பி நின்றன. பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்கக் கிளாம்ப் இல்லை. கடைக்குப் போய் வாங்கி வரலாம். ஆனால் பசையைக் கலந்தபின்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

"இஞ்சை ஒருக்கால் கெதியா வாரும்!" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையோடு வந்தாள். நான் காட்டிய இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். முதியோரைப் பிடித்துப் பழகிய கை, ஆடவில்லை. நான் பசையை இறக்கி, வலையைப் படுத்தி, மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன்.

"எவ்வளவு நேரம் உப்பிடி நிக்க வேணும்?"

"இறுகும் வரைக்கும்."

"அது எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு, தான் கையை எடுத்தால் வேலை கெடும், நான் வாய் திறக்க மாட்டேன் என்ற துணிவில், தொடங்கினாள். தலைவர் பழக்கிய எங்கள் மகள் மூன்று முறை றோட் டெஸ்டில் தவறியது தொடக்கம், செயலாளரின் மனைவி எங்கள் வீட்டுக் கேக்கைத் தொடாமல் போனது வரைக்கும், அந்த மாரியில் தான் சுரண்டிய ஐஸ் வரைக்கும் எல்லாம் வந்தது. பொருளாளர் இருமுகிற மாதிரி இருமிக் காட்டினாள். பிரதம விருந்தினர் இருந்த மாதிரி இருந்து காட்டக் கையில்லை என்று கவலைப்பட்டாள். நான் சிரித்த சிரிப்பில் தூரிகை நழுவிப் போனது.

"சிரியாதையுங்கோ. எனக்கு மூக்குக் கடிக்குது, சொறிஞ்சு விடுங்கோ."

என் கை முழுக்கப் பசை. முழங்கையால் சொறிந்துவிட்டேன். கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரு வேலையை ஒன்றாகச் செய்தது எப்போது என்று யோசித்தேன். வீடு மாறினபோது சோபாவைத் தூக்கியிருக்கிறோம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட்.

தேய்த்து, சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் அடித்துப் பூட்டினேன். சிவப்பு மூக்கின் நடுவில் சாம்பல் கோடு. பார்க்க வடிவில்லை. கையால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வந்தது.

செய்தி எப்படியோ பரவியது. ஓகஸ்ட் கடைசியில் இரண்டு சங்கமும் ஒன்றுகூடல் வைத்தன. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. முதலில் தலைவர் போன் எடுத்தார்.

"கேள்விப்பட்டன் காணும், கார் ரெடியாம். பாத்தீரோ, என்ரை பசைதான் கடைசியிலை நிண்டு பிடிச்சது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாரும்."

பின்னேரம் செயலாளர் எடுத்தார். வெல்ட் பண்ணிய பக்கம் தாங்கினபடியால்தான் நடுவைத் திருத்தவே முடிந்தது, ஆகவே காரை எங்கே காட்சிக்கு வைப்பது என்பதில் கேள்விக்கே இடமில்லை என்றார். நான் இருவருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மனைவி சோற்றை வடித்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை பொதுச்சபைக்கு வேலை இருக்கெண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன். இரண்டு பேரும் போனை வைத்த விதத்தில் காப்பாளர் பதவி இரண்டும் போய்விட்டது என்று விளங்கியது.

ஞாயிறு காலை ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்ரியரிங் கல்லாக இருக்கும் என்று எச்சரித்தேன். "நான் தூக்கிற ஆக்களை விடவோ?" என்றாள். அக்ஸிலேற்றரை அமத்தினாள். எஞ்சின் போட்ட சத்தத்துக்கு, பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெடியன் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பெரிய ஆள் மாதிரி. என் கை தன்பாட்டில் கதவைப் பிடித்துக்கொண்டது. கால், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடியது.

கரையில் காரை விட்டு, உள்ளே இருந்தபடியே கட்லெட் சாப்பிட்டோம். ஒரு கிழவர் வந்து சாம்பல் கோட்டைப் பார்த்து, ஏன் அந்த இடத்துக்கு மட்டும் நிறம் அடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அது எங்கட பங்கு" என்று மனைவி தமிழிலேயே சொன்னாள். அவர் நல்லது என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

பிறகு ஏரிப் பக்கமிருந்து மழை வந்தது. ஊற்றியது. மனைவி திறப்பைத் திருப்பி வைப்பரைப் போட்டாள். அது அசையவில்லை. நான் குனிந்து எட்டி எல்லா ஸ்விச்சையும் தட்டிப் பார்த்தேன். பம்பருக்காக இத்தனை கூட்டம், தீர்மானம், வாக்கெடுப்பு. வைப்பர் வேலை செய்கிறதா என்று தலைவரும் பார்க்கவில்லை, செயலாளரும் பார்க்கவில்லை, பொதுச்சபையும் பார்க்கவில்லை.

"இதுக்கு எந்தச் சங்கத்தைக் கூப்பிடுவம்?" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றி முதலில் தான் குடித்தாள்.